தோல் கால்சட்டையும் மெக்டொனால்ட் பிரபுவும்: ஒரே மெட்டுக்கு ஏன் இத்தனை பெயர்?

கேட்டவர் வயலின் கற்றுக்கொண்டிருப்பவர். அமெரிக்க நாட்டுப்புற பிடில்காரர் ஒருவர் வாசித்த 'லெதர் பிரிட்சஸ்' என்ற மெட்டைக் கேட்டுப் பழகியிருக்கிறார். 'தோல் கால்சட்டை' என்று பொருள். அதை ஸ்காட்லாந்து நண்பர் ஒருவரிடம் வாசித்துக் காட்டினால், "இது எங்கள் ஊர் லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீல் ஆயிற்றே, இதற்குப் போய் கால்சட்டை என்று யார் பெயர் வைத்தது?" என்றாராம் அவர். ரீல் என்பது வேகமான ஒரு நாட்டிய மெட்டு வகை. இவருக்குக் குழப்பம். இரண்டில் எது உண்மையான பெயர்? ஒரே மெட்டுக்கு ஏன் பத்துப் பெயர், ஒரே பெயருக்கு ஏன் மூன்று மெட்டு? இதையெல்லாம் ஒழுங்குபடுத்திய பட்டியல் எங்காவது உண்டா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே உண்மையான பெயர்தான். பட்டியல்களும் உண்டு. ஆனால் அவற்றில் பெயரை வைத்துத் தேடினால் பாதி நாள் வீணாகும். ஏன் என்பதற்குத்தான் இந்த நீண்ட பதில்.

நமக்கு இந்தக் குழப்பம் புதிதாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. கர்நாடக சங்கீதத்தில் ஒரு உருப்படிக்குப் பெயர் என்று தனியாக எதுவும் கிடையாது. பல்லவியின் முதல் சொற்கள்தான் பெயர். 'எந்தரோ மகானுபாவுலு' என்ற பெயர் தொலைந்துபோக வேண்டுமானால் யாரும் அந்த முதல் வரியைப் பாடாமல் இருக்க வேண்டும். பெயர் பாட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. பிடிலிலும் ஃபைஃபிலும் வாசிக்கிற நாட்டிய மெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குச் சாகித்யம் இல்லை. பதினாறு பதினாறு மாத்திரையாக இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு தடவை, அவ்வளவுதான். பெயர் வெளியிலிருந்து ஒட்டப்பட்ட சீட்டு. ஒட்டினது எப்போது வேண்டுமானாலும் உரியும், வேறொருவர் வேறொன்றை ஒட்டுவார்.

ஃபைஃப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பக்கவாட்டில் பிடித்து ஊதுகிற, ஆறு துளை மட்டும் உள்ள, மெலிந்த குட்டைக் குழல். சத்தம் காதைக் கிழிக்கும். பட்டாளத்தில் தம்பட்டத்தோடு சேர்த்து ஊதுவதற்காகவே ஆன வாத்தியம். துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவிலும் அரை மைல் தூரத்துக்குக் கேட்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் இன்றும் ஊருக்கு ஊர் ஃபைஃப், தம்பட்டக் குழுக்கள் இருக்கின்றன. மூடஸ் என்ற சிற்றூரின் குழு 1860இல் தொடங்கியது. ஆண்டுதோறும் ஜூலையில் டீப் ரிவர் என்ற ஊரில் இந்தக் குழுக்களெல்லாம் கூடி அணிவகுத்துப் போவார்கள். திருவிழாவில் ஐந்தாறு செட் மேளம் ஒரே தெருவில் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

நான் சில ஆண்டுகள் அந்தப் பக்கம் இருந்தேன். குளிர்காலத்தில் வாரம் ஒரு ராத்திரி ஒரு வீட்டுச் சமையலறையில் பிடில்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். நானும் என் வயலினைத் தூக்கிக்கொண்டு ஓரமாக உட்காருவேன். பெரியவர் ஒருவர் ஒரு மெட்டை எடுத்தார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். முடிந்ததும் பெயர் கேட்டேன். "எங்கள் மாமா இதை 'ஹாப் ஹை லேடீஸ்' என்பார்" என்றார். பக்கத்திலிருந்த அம்மா "மிஸ் மெக்லவுட்ஸ் ரீல்" என்றார். மூலையிலிருந்த இளைஞன் "அங்கிள் ஜோ" என்று ஒரு பாட்டு வரியைப் பாடியே காட்டினான். மூன்று பேரும் ஒரே மெட்டைத்தான் சற்று முன் சேர்ந்து வாசித்தார்கள். ஒருவர் மற்றவரைத் திருத்தவில்லை. அடுத்த மெட்டுக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

பிறகு தேடிப் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பிடில் குடும்பமான கோ குடும்பத்தார் 1809இல் வெளியிட்ட ஐந்தாவது தொகுப்பில் இது 'மிஸஸ் மெக்லவுட் ஆஃப் ராசே' என்று இருக்கிறது. ஸ்கை தீவின் பழைய ரீல், மெக்லவுட் என்பவர் தெரிவித்தது என்று பக்கத்தில் குறிப்பும் உண்டு. ஆக, அச்சில் வந்தபோதே இது பழைய மெட்டு. ராசே தீவு வீட்டு அம்மாளின் பெயர் பின்னால் வந்து உட்கார்ந்தது. அட்லாண்டிக்கைக் கடந்ததும் திருமதி செல்வியாகிவிட்டார். அமெரிக்கக் கிராமங்களில் அந்த மெக்லவுட் மேகமாகவும் ஆகிவிட்டது. 'லவுட்' 'கிளவுட்' ஆனது காதில் விழுந்த கோளாறு. நாட்டியக்காரர்களை உற்சாகப்படுத்தக் கத்தின 'துள்ளுங்கள் பெண்களே' என்ற கூவலே இன்னொரு பெயராகிவிட்டது.

இந்த ஸ்காட்லாந்துத் தொகுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நோட்டுப் புத்தகம் அச்சடிக்க முன்பணம் வேண்டும். பணம் கொடுக்கிற பெரிய வீட்டார் பெயரை மெட்டுக்கு வைத்துவிட்டால் அவர்கள் பத்துப் பிரதி வாங்குவார்கள். அதனால்தான் அந்தப் புத்தகங்களைப் புரட்டினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். இன்ன பிரபு, இன்ன சீமாட்டி, இன்ன கேப்டன். வில்லியம் மார்ஷல் என்ற அருமையான இசையமைப்பாளர், தன் மெட்டுகளையே கோ குடும்பத்தார் வேறு பெயரில் அச்சடித்துவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். மெக்டொனால்ட் பிரபு உங்கள் மெட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் இந்த வழக்கத்தில்தான். அமெரிக்க மலைப்பகுதி விவசாயிக்குப் பிரபு யாரென்றே தெரியாது. தோல் கால்சட்டை தெரியும்.

பெயர் மாறுவதில் எனக்கு மிகப் பிடித்த கதை 'மிஸிஸிப்பி சாயர்'. இதை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பாரிஸில் பெக்கூர் என்ற நாடக அரங்கு வயலின்காரர் 'தேசிய மணியோசை' என்ற பெயரில் ஒரு நாட்டிய மெட்டுப் போட்டிருந்தார். அரசி மரீ அந்துவானெத்துக்கே அது பிடிக்கும், அவரே வாசிப்பார் என்று சொல்வார்கள். 1790இல் தெருப் பாடகர் ஒருவர் அதன்மேல் சொற்களை ஏற்றினார். 'ஸா இரா', 'எல்லாம் சரியாகிவிடும்' என்று. ஒன்றிரண்டு ஆண்டுக்குள் அது பிரபுக்களைத் தூக்கில் போடச் சொல்லும் புரட்சிப் பாட்டாகிவிட்டது. அரசி விரும்பிய மெட்டு அரசிக்கு எதிராகத் திரும்பியது.

1793 மே மாதம் வட பிரான்சில் ஃபமார் என்ற இடத்தில் பிரிட்டிஷ் 14ஆம் ரெஜிமென்ட் பிரெஞ்சுப் படையோடு மோதியது. எதிரி வாத்தியக்காரர்கள் 'ஸா இரா' வாசித்துக்கொண்டே வந்தார்கள். பிரிட்டிஷ் கர்னல் தன் பாண்டையும் அதே மெட்டை வாசிக்கச் சொல்லி, அவர்கள் மெட்டிலேயே அவர்களை அடிப்போம் என்று பாய்ந்தார் என்பது ரெஜிமென்ட் கதை. வென்றார்கள். பின்னாளில் மேற்கு யார்க்ஷயர் ரெஜிமென்ட் ஆன அந்தப் படைக்குப் பிரெஞ்சுப் புரட்சிப் பாட்டே அணிவகுப்பு மெட்டாக நிலைத்தது. முடியாட்சியின் சம்பளம் வாங்குகிற பட்டாளம், முடியை வெட்டச் சொன்ன பாட்டுக்கு நடை போட்டது.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்த மெட்டு 'டவுன்ஃபால் ஆஃப் பாரிஸ்' என்ற பெயரில் புழங்கியது. பாரிஸின் எழுச்சிப் பாட்டுக்குப் பெயர் 'பாரிஸின் வீழ்ச்சி'. ஃபைஃப், தம்பட்டக் குழுக்களுக்கு இது உயிர். இதற்கான தம்பட்ட அடி தனியாகவே பேர் பெற்றுவிட்டது. இன்றைக்கும் தம்பட்டம் கற்கிறவர்களிடம் 'டவுன்ஃபால்' என்றால் கை உருட்டல்களைத்தான் அடித்துக் காட்டுவார்கள். மேலே குழலில் என்ன மெட்டு போகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது.

அங்கிருந்து பிடிலுக்கு வந்தபோது 'மிஸிஸிப்பி சாயர்' ஆனது. இது அதிலிருந்து பிறந்ததுதான் என்று அடித்துச் சொன்னவர் பென்சில்வேனியாவின் சாமுவேல் பேயர்ட். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். சாயர் என்றால் மரம் அறுப்பவர். ஆற்றங்கரையில் மரமில் வைத்திருந்த ஒரு பிடில்காரர் வாசித்ததால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. ஆனால் மிஸிஸிப்பி படகுக்காரர்களின் பேச்சில் 'சாயர்' என்பது ஆற்றடியில் வேர் மாட்டிக்கொண்டு, நீரோட்டத்தில் மேலும் கீழும் தலையாட்டுகிற முழு மரம். அது எழும்பும் நேரத்தில் மேலே படகு வந்தால் அடி கிழிந்துவிடும். மெட்டைக் கேட்டால் எனக்கு அந்தத் தலையாட்டல்தான் தெரிகிறது. இதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, என் காது சொல்வது.

பாருங்கள், மணியோசை, புரட்சி, ரெஜிமென்ட், வீழ்ச்சி, ஆற்று மரம். ஒரே மெட்டு. இதில் 'உண்மையான பெயர்' பெக்கூர் வைத்ததுதான் என்றால், அதன் வாழ்க்கையில் ஒரு சின்ன ஓரத்தைத்தான் தொட்டிருப்போம்.

சொற்கள் ஏறினால் பெயர் மாறும் என்பது நமக்கும் தெரிந்ததே. பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் 'வர்ணமெட்டு' என்று போட்டு ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் பெயரைக் கொடுத்திருப்பார்கள். இங்கிலாந்தில் தெருவில் விற்ற ஒற்றைத் தாள் பாட்டுகளிலும் அப்படியே. புதுப் பாட்டு ஊரெல்லாம் பரவிவிட்டால் மெட்டுக்கு அதன் பெயரே நிலைக்கும். 'கோபி ஓ' என்ற அயர்லாந்து ஜிக் (ரீல் மாதிரி இன்னொரு நாட்டிய மெட்டு வகை) இருந்தது. 1800ஆம் ஆண்டு தேர்தலில் தாமஸ் ஜெஃபர்சன் ஆதரவாளர்கள் அதில் பாட்டுக் கட்டினார்கள். அன்றிலிருந்து அமெரிக்க ஃபைஃப்காரர்களுக்கு அது 'ஜெஃபர்சன் அண்ட் லிபர்ட்டி'. தேர்தல் முடிந்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆகிறது, பிரசாரம் மட்டும் இன்னும் ஓயவில்லை.

பட்டாளத்தில் இன்னொரு விதமாகவும் பெயர் போகும். பொழுதுவிடிந்ததும் எழுப்ப ஒரு மெட்டு, கூடாரத்தைப் பிரிக்க ஒரு மெட்டு, சாப்பாட்டுக்கு ஒன்று, தப்பு செய்தவனைத் துரத்த ஒன்று. 'பீஸ் அப்பான் எ டிரெஞ்சர்', அதாவது 'தட்டில் பட்டாணி' என்ற மெட்டை அமெரிக்கப் படையில் காலைச் சாப்பாட்டுக்கு ஊதினார்கள். மத்தியானத்துக்கு 'ரோஸ்ட் பீஃப்'. பசியோடு வரிசையில் நிற்கிற சிப்பாய்க்கு மெட்டின் பெயரா முக்கியம்? 'சாப்பாட்டு ஊதல்' என்றால் தீர்ந்தது. அப்படி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேரனுக்குச் சொல்லிக்கொடுத்தால், பேரனுக்குத் தெரிந்த பெயர் அதுதான்.

எதிரெதிர் அணியினர் ஒரே மெட்டைப் பங்குபோட்டுக்கொள்வதும் உண்டு. வட அயர்லாந்தில் ஜூலை ஊர்வலங்களில் புராட்டஸ்டன்டுகள் ஊதும் 'பாய்ன் வாட்டர்', 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் தங்கள் பக்கம் பெற்ற வெற்றியைக் கொண்டாடுவது. அதே மெட்டில்தான் 'மன்ஸ்டரின் போர்முழக்கம்' என்ற ஐரிஷ் மொழிப் பாட்டு அமைந்திருக்கிறது. அது தோற்ற பக்கத்துக் கத்தோலிக்க அரச வம்சம் திரும்பி வரும் என்று ஏங்குகிற பாட்டு. சொற்களை எடுத்துவிட்டு வெறும் குழலில் வாசித்தால் எந்தக் கட்சி என்று சொல்லவே முடியாது. பெயரைச் சொன்னால்தான் சண்டை.

சரி, இதற்கு மறுபக்கம்: ஒரே பெயர், வேறு வேறு மெட்டு. 'வாஷிங்டன்ஸ் மார்ச்', அதாவது வாஷிங்டனின் அணிவகுப்பு மெட்டு என்று கேட்டால் குறைந்தது மூன்று வெவ்வேறு மெட்டுகள் வரும். தலைவர் பெயர் வைத்தால் விற்கும் என்பதால் ஆளாளுக்கு ஒன்று அச்சடித்தார்கள். ஆனால் இந்த வகையில் பெரிய கதை யார்க்டவுனுடையது.

1781 அக்டோபர் 19 அன்று வர்ஜீனியாவின் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அவர்கள் வெளியே நடந்து வரும்போது 'த வேர்ல்ட் டர்ன்ட் அப்ஸைட் டவுன்', 'தலைகீழான உலகம்' என்ற மெட்டை வாசித்தார்கள் என்று அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். எவ்வளவு பொருத்தம்! பொருத்தம் கொஞ்சம் அதிகம் என்பதுதான் சந்தேகம். சரணடைவு ஒப்பந்தத்தின் மூன்றாம் பிரிவில் இருப்பது இவ்வளவே: மத்தியானம் சரியாக இரண்டு மணிக்கு, கொடியைச் சுருட்டி உறையில் போட்டு, தம்பட்டத்தில் பிரிட்டிஷ் அல்லது ஜெர்மன் மார்ச் ஒன்றை அடித்தபடி வர வேண்டும். அமெரிக்க மார்ச் அடித்து எங்களைக் கிண்டல் செய்யக் கூடாது என்று பொருள். முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டனில் தோற்ற அமெரிக்கர்களுக்குப் பிரிட்டிஷார் போட்ட இதே மாதிரியான நிபந்தனைக்குப் பதிலடி அது. எந்த மெட்டு என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. 'தலைகீழான உலகம்' என்ற பெயர் 1828இல், அதாவது 47 ஆண்டு கழித்து, அலெக்சாண்டர் கார்டன் என்பவர் தொகுத்த போர்க்காலச் செய்திகளில் முதன்முதலில் எட்டிப்பார்க்கிறது.

அது உண்மையே என்று வைத்துக்கொண்டாலும், எந்த மெட்டு? அந்தப் பெயரில் பாட்டு பல. 1640களில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தைத் தடுத்ததை எதிர்த்து எழுந்த பாட்டு ஒன்று, அது 'ராஜா மீண்டும் தன் உரிமையைப் பெறும்போது' என்ற மெட்டில். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களோடு சண்டை வந்த காலத்தில் எழுதப்பட்ட இன்னொன்று 'டெரி டவுன்' மெட்டில். இன்று அந்தக் காட்சியை நடித்துக் காட்டும்போது ஒவ்வொரு குழுவும் ஒவ்வொன்றை ஊதும். ஒரு நாட்டின் மிகப் பிரபலமான இசைக் கதை ஒரு தலைப்பின்மேல் நிற்கிறது. அந்தத் தலைப்புக்குக் கீழே எந்த மெட்டு என்பது காலியிடம்.

பெயரை வைத்துக் கதை கட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. 'சோல்ஜர்ஸ் ஜாய்', 'சிப்பாயின் ஆனந்தம்' என்ற மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்க்குக் கொடுத்த விஸ்கி, மார்ஃபின் கலவைக்குத்தான் இந்தப் பெயர் என்று இணையத்தில் நூறு இடத்தில் இருக்கும். மார்ஃபினைத் தனியாகப் பிரித்தெடுத்ததே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். இந்த மெட்டோ அதற்கு முன்பே இந்தப் பெயரில் ஸ்காட்லாந்தில் அச்சாகிவிட்டது. 1785இல் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தன் பிச்சைக்காரர் கூத்தில் முடமான சிப்பாய் பாடும் பாட்டுக்கு 'மெட்டு: சோல்ஜர்ஸ் ஜாய்' என்று தலைப்பிலேயே குறித்திருக்கிறார். போர் முனை கதை பெயரைக் கேட்டுப் பின்னால் வந்த கற்பனை. அமெரிக்காவில் இதே மெட்டுக்கு 'சம்பள நாள்' என்றும் ஒரு பெயர் உண்டு. சிப்பாயின் ஆனந்தத்துக்கு எனக்கு அந்த விளக்கம் போதும்.

'ஃபிஷர்ஸ் ஹார்ன்பைப்' கதையும் அப்படியே. ஹார்ன்பைப் என்றால் மாலுமி ஆட்டம், ஃபிஷர் என்றால் மீனவர், ஆக மீனவர் ஆட்டம் என்று முடிவுகட்டிவிடுவோம். 1770களில் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஃபிஷார் என்ற நாட்டிய ஆசிரியர் வெளியிட்ட மெட்டு இது. அந்தப் புத்தகத்தில் பெயர் கூட இல்லை, வெறும் ஹார்ன்பைப். ஆள் பெயர் மெட்டுப் பெயராகி, எழுத்து மாறி, வலையும் படகும் வந்து சேர்ந்துவிட்டன. பாப்பாய் கார்ட்டூனில் வருகிற மாலுமி மெட்டு தெரியும் இல்லையா? அதற்குப் பழைய பெயர் 'காலேஜ் ஹார்ன்பைப்'. கடலுக்கும் அதற்கும் பெயரளவில் சம்பந்தமே இல்லை.

சில சமயம் பெயர் வேண்டுமென்றே கைவிடப்படும். ஐஸ்கிரீம் வண்டிகளில் கேட்கிற 'டர்க்கி இன் த ஸ்ட்ரா' 1830களில் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மேடைப் பாட்டாகப் பேர்பெற்றது. அந்தப் பழைய தலைப்பை இன்று யாரும் வாய்விட்டுச் சொல்ல விரும்புவதில்லை. வைக்கோலில் வான்கோழி யாருக்கும் உறுத்தாது.

இதுவரை பெயர் மாறுவதைச் சொன்னேன். மெட்டும் சும்மா இருப்பதில்லை. பிடிலின் கீழ்த் தந்தி ஸ்வரங்கள் ஃபைஃபில் கிடையாது. அதனால் பிடிலில் தாழ இறங்குகிற ஒரு சொற்கட்டை ஃபைஃப்காரர் மடித்து மேல் ஸ்தாயியில் ஊதுவார். இறங்க வேண்டிய இடத்தில் மெட்டு ஏறும். அதைக் கேட்டு இன்னொரு பிடில்காரர் பழகினால், தாத்தாவும் பேரனும் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாது. இன்னொன்றும் உண்டு. இரண்டு பகுதி மெட்டில் எதை முதலில் வாசிப்பது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். அப்பலாச்சிய மலைக்காரர்கள் உயர்ந்த பகுதியை 'ஃபைன்' என்றும் தாழ்ந்ததை 'கோர்ஸ்' என்றும் சொல்வார்கள். ஃபைனில் தொடங்குகிறவர்கள் நிறைய. புத்தகத்தில் கோர்ஸ் முதலில் இருந்தால், முதல் வரியை வைத்துத் தேடுகிறவர் தோற்றார்.

சாமுவேல் பேயர்ட் இதற்காகவே ஆயுளைச் செலவிட்டவர். பென்சில்வேனியாவின் தென்மேற்கு மலைப்பகுதியில் கிழ பிடில்காரர்களையும் ஃபைஃப்காரர்களையும் தேடிப் போய், கேட்டுக் கையால் எழுதிக்கொண்டு வந்தார். 1982இல் 651 மெட்டுகளோடு பெரிய புத்தகமாக வந்தது. ஒவ்வொரு மெட்டின் கீழும் அதன் சொந்தக்காரர்கள், மாற்றுப் பெயர்கள் என்று உறவுமுறை எழுதியிருப்பார். 'மெட்டுக் குடும்பம்' என்ற கருத்தை வலுவாக நிறுத்தியவரும் அவர்தான். ஒரு மெட்டு என்பதைவிட ஒரு வம்சம் என்று பார்ப்பது சரி என்பார். எனக்கு அது ராகத்தை நினைவூட்டும், முழுக்கப் பொருந்தாது என்றாலும்.

உங்கள் தேடலுக்கு வருவோம். பெயரை விட்டுவிட்டு ஸ்வரத்தைப் பிடியுங்கள். அயர்லாந்தில் பிரெண்டான் பிரஹ்னக் ஆயிரக்கணக்கான மெட்டுகளுக்கு அட்டை அட்டையாக இப்படித்தான் அகராதி போட்டார். ஸ்காட்லாந்து பிடில் மெட்டுகளுக்கு 1994இல் வந்த சார்ல்ஸ் கோரின் அட்டவணையிலும் தொடக்க மாத்திரைகளின் அழுத்தமான ஸ்வரங்களை எண்ணாக்கி வரிசைப்படுத்தியிருப்பார்கள். நமக்கு இது இன்னும் சுலபம், ஸ்வரம் சொல்லிப் பழகியவர்கள் நாம். பிரிட்டிஷ் தேசிய கீதத்தை எடுங்கள்: 'ச ச ரி நி ச ரி, க க ம க ரி ச'. 'யாங்கி டூடில்' என்றால் 'ச ச ரி க, ச க ரி'. எந்தச் சுருதியில் வாசித்தாலும், எந்தப் பெயர் சொன்னாலும் இது மாறாது. இரண்டு பகுதிக்கும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பகுதி இடம் மாறினாலும் பிடிபடும். இப்போது கைபேசியில் வாசித்துக் காட்டினால் மெட்டைக் கண்டுபிடிக்கும் செயலிகளும் உண்டு. நன்றாகவே வேலை செய்கின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: ஐரிஷ் ஒலித்தட்டு உறைகளில் 'கன் அன்யம்' என்று ஒரு தலைப்பு அடிக்கடி வரும். அதை ஒரு மெட்டின் பெயர் என்று நினைத்துத் தேடாதீர்கள். 'பெயர் இல்லை' என்பதற்கு ஐரிஷ் சொல் அது. நான் ஒரு மாதம் தேடினேன்.

இப்போது உங்கள் மெட்டுக்கே வருகிறேன், வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன். லார்டு மெக்டொனால்ட்ஸ் ரீலுக்கு மூன்றாவது ஒரு பெயர் இருக்கிறது. அது உங்களுக்கு ஸ்காட்லாந்துக்காரரைவிட நன்றாகத் தெரிந்திருக்கலாம். 'ஜகதீச குருகுஹ'.

முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் இருந்த காலத்தில், அவர்களை ஆதரித்த மணலி முதலியார்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷிகள், அதாவது மொழிபெயர்ப்பாளர்களாகவும் இடைத்தரகர்களாகவும் இருந்தவர்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் பாண்டு வாத்தியம் கேட்கும் வாய்ப்பு அப்படி அமைந்தது. தம்பி பாலுசுவாமி அங்கேதான் பிடில் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். அண்ணன் அந்த வெள்ளைக்கார மெட்டுகளில் நாற்பதை ஒட்டிய உருப்படிகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். எல்லாம் சங்கராபரண ஸ்வரங்களில், கமகம் இல்லாமல். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு என்பது பலருக்குத் தெரியும். 'ஜகதீச குருகுஹ' மெக்டொனால்ட் பிரபுவின் ரீல் என்று ஆய்வாளர்கள் இனம் கண்டிருக்கிறார்கள். அங்கே தோல் கால்சட்டை மாட்டிக்கொண்ட மெட்டு இங்கே விபூதி பூசிக்கொண்டது.

நம் ஊரிலும் அதற்கு ஒரு பொதுப்பெயர் ஒட்டியது: நோட்டுஸ்வரம். கச்சேரி முடிவில் வருகிற 'இங்கிலீஷ் நோட்டு' வேறு. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்து மதுரை மணி ஐயர் பாடிப் பிரபலமானது அது. ஆனால் நாகஸ்வரக்காரரிடமோ பாண்டு செட்டிடமோ 'ஒரு இங்கிலீஷ் நோட்டு போடுங்கள்' என்றால் அந்த ஒன்றுதான் வரும் என்று நிச்சயமில்லை. ஒரு பெயர், பல மெட்டு.

ஆகவே நண்பரிடம் வாசிக்கும்போது 'லார்டு மெக்டொனால்ட்' என்று சொல்லுங்கள். அமெரிக்க பிடில்காரரிடம் 'லெதர் பிரிட்சஸ்'. இரண்டு பேர் வாசிப்பையும் பதிவு செய்து பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேளுங்கள். அமெரிக்கர் எங்கே ஸ்வரம் கூட்டினார், எங்கே வில்லை இழுத்து இரட்டைத் தந்தியில் வைத்தார் என்று பிடிபடும். பிறகு சாகித்யத்தோடு நீங்களே மெதுவாக, நடை தள்ளாமல், ஒருமுறை பாடிப் பாருங்கள். உங்கள் நோட்டில் தலைப்பு இடத்தைக் காலியாக விட்டு, கீழே 'யாரிடம் கேட்டது, எந்த ஊர், அவர் சொன்ன பெயர்' என்று மூன்று வரி வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் மிஸ் மெக்லவுட் பக்கத்தில் இப்போது ஏழு பெயர் இருக்கிறது.